10 வருஷ வாரண்டி, எக்ஸ்டெண்டட் வாரண்டி: ரெண்டுக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ

மெஷினைப் பத்தி முதல்ல சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், துணி நல்லா வெளுக்குது, காலர் அழுக்கு கூட போகுது, தண்ணி கம்மியாத்தான் இழுக்குது, ஸ்பின் முடிச்சு எடுத்தா துணி பாதி காஞ்சே வந்துடும். நாலு ஸ்டார் குடுக்கலாம். நான் எழுத வந்தது அது கூட வந்த ரெண்டு வாரண்டியைப் பத்தி. ஒண்ணு கம்பெனி குடுத்தது, இன்னொண்ணு கடையில பில் போடுறப்ப "இதையும் போட்டுக்கோங்க மேடம், நாலு வருஷத்துக்கு கவலையே இல்ல"ன்னு தலையில கட்டுனது. அதையும் காசு குடுத்துத்தானே வாங்குறோம், அப்ப அதுவும் ஒரு பொருள்தானே, அதுக்கு மட்டும் ஏன் யாருமே ஸ்டார் போட மாட்டேங்குறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. கம்பெனி பேரு, கடை பேரு ரெண்டும் சொல்லப்போறதில்ல, ஏன்னா நான் இதுக்கப்புறம் வீட்ல இருக்கிற எல்லா கார்டையும் எடுத்து வச்சு படிச்சுப் பாத்தேன், வாசகம் முக்காவாசி ஒண்ணுதான், மேல லோகோ மட்டும்தான் வேற வேற.

முதல்ல அந்த 10 வருஷம். மெஷின் முகத்துலயே பெருசா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, கீழ பொடி எழுத்துல மோட்டாருக்கு மட்டும்னு இருக்கும், இது எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆனா கார்டைத் திறந்து படிச்சா அந்த மோட்டாருக்குள்ளயும் ஒரு பூட்டு இருக்கு. மோட்டார்ங்கிற அந்த ஒரு பார்ட் மட்டும்தான் ஃப்ரீ. வந்து பாக்குற ஆளுக்கு விசிட் சார்ஜ் தனி, கழட்டி மாட்டுற லேபர் தனி, அதுக்கெல்லாம் மேல வரி தனி. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கதையும் இதேதான், கம்ப்ரஸர் ஃப்ரீயா குடுத்துட்டு கேஸ் நிரப்புறதுக்கு பில் போடுற கார்டு நிறைய இருக்கு, கேஸ் இல்லாம கம்ப்ரஸரை வச்சு நான் என்ன பண்றது சொல்லுங்க. அப்புறம் இன்வெர்ட்டர் மோட்டார்ல கார்பன் பிரஷ்ஷே கிடையாது, தேயுறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்ல, அது அவ்வளவு சீக்கிரம் போகாதுன்னு கம்பெனிக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சுதான் அதுக்கு 10 வருஷம். அடிக்கடி போறது எதுன்னா அந்த மோட்டாரை ஓட்டுற போர்டு, பேரிங், ட்ரெயின் பம்ப், கதவு ரப்பர். இதுக்கெல்லாம் எவ்வளவு நாள்னு பாத்தா ரெண்டு வருஷம், ரப்பருக்கு அதுவும் கிடையாது. ஆக அந்த 10 வருஷ ஸ்டிக்கரை விளம்பரம்னு எடுத்துக்கிட்டீங்கன்னா மனசுக்கு நல்லது, வாரண்டின்னு நம்பினீங்கன்னா நெஞ்சு வலிதான்.

என் மெஷினுக்கு மூணாவது வருஷம் ஆரம்பிச்சுது. ஸ்பின் எடுக்குறப்ப மட்டும் கடகடன்னு சத்தம், அப்புறம் கதவைத் திறந்து டிரம்மை கையால தூக்கிப் பாத்தா மேலயும் கீழயும் ஆடுது. கம்பெனி ஆள் வந்தான், விவரமான பையன், வந்தவுடனே சத்தத்தைக் கேட்டே தலையை ஆட்டிட்டான். உக்காந்து எல்லாத்தையும் கழட்டி டப்பை (டிரம்மைச் சுத்தி இருக்கிற வெளித் தொட்டி) ரெண்டாப் பிரிச்சு டிரம்மை வெளிய எடுத்து கவுத்துக் காமிச்சான். டிரம்முக்குப் பின்னாடி மூணு கை வச்ச ஒரு வார்ப்பு இருக்கும், ஸ்பைடர்னு சொல்றாங்க, டிரம்மையும் ஷாஃப்டையும் சேத்துப் பிடிச்சிருக்கிறதே அதுதான். அதுல ஒரு கை விட்டுப்போயிருக்கு. மிச்ச ரெண்டு கையிலயும் வெள்ளையா பூத்துப்போய் ஸ்க்ரூ டிரைவரால குத்துனா பழைய சுவத்து சுண்ணாம்பு மாதிரி உதிருது.

"அக்கா, டிரம்மு ஸ்டீலு, இது அலுமினியம். ரெண்டும் ஒட்டிக்கிட்டு சோப்புத் தண்ணியிலயே கிடந்தா அலுமினியத்தைத்தான் முதல்ல அரிக்கும். நிறைய மெஷின்ல பாக்குறேன்."

"சரி தம்பி, வாரண்டியில வருமா?"

"மோட்டார் நல்லா இருக்குக்கா."

அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அவன் உண்மையைத்தான் சொன்னான். போறப்ப நான் கேட்டேன், ஜாப் ஷீட்டுல "ஸ்பைடர் அரிப்பு, உடைவு, டிரம் அசெம்ப்ளி மாத்தணும்"னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்னு. குடுத்தான். அந்தத் தாளு பின்னாடி எவ்வளவு உதவுச்சுன்னு சொல்றேன்.

கம்பெனியோட ரெண்டு வருஷம் முடிஞ்சுபோச்சு, ஆனா நம்மகிட்ட எக்ஸ்டெண்டட் இருக்கேன்னு தெம்பா போன் பண்ணேன். இதை நடத்துறது மெஷின் கம்பெனியும் இல்ல கடையும் இல்ல, மூணாவதா ஒரு கம்பெனி, இது பில் போடுறப்ப யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. போட்டோ அனுப்பச் சொன்னாங்க, வீடியோ அனுப்பச் சொன்னாங்க, ஜாப் ஷீட் கேட்டாங்க, எல்லாம் அனுப்பினதுக்கப்புறம் ஒரே வரியில பதில், அரிப்பும் தேய்மானமும் திட்டத்துல சேராது, க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டதுன்னு. சரி அப்ப என்னதான் சேரும்னு அவங்க விதிமுறையைத் திறந்து படிச்சேன் (பில் போட்டப்புறம் லிங்க்ல வருது, வாங்குறதுக்கு முன்னாடி கையில குடுக்குறதில்ல). துரு, அரிப்பு சேராது. ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி சேராது. வோல்டேஜ் ஏறி இறங்கினா சேராது. எலி, பூச்சி கடிச்சா சேராது. தண்ணியோட தன்மையால வந்தா சேராது. ஒரு தடவை ரிப்பேர் பண்ணினதால வாரண்டி காலம் நீளாது. இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறது என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வாழ்நாள் பூரா சோப்புத் தண்ணியில முங்கியே கிடக்கப்போற ஒரு மெஷினுக்கு வாரண்டி வித்துட்டு தண்ணி, அரிப்பு ரெண்டும் கணக்குல வராதுன்னா அந்தத் திட்டத்தை எழுதின ஆளு கெட்டிக்காரன்தான், அதை ஒத்துக்கணும். ஸ்டார் ஒண்ணு. அதுவும் போன் எடுத்த பொண்ணு மரியாதையா பேசுச்சு, அதுக்காக.

அடுத்து கடை. போனா மேனேஜர் உக்கார வச்சு தண்ணியெல்லாம் குடுத்தாரு. "அதெல்லாம் கம்பெனிதான் மேடம் பாக்கணும், நாங்க வித்ததோட சரி." இந்த ஒரு வரி இருக்கு பாருங்க, எந்த நாட்டுக் கடைக்குப் போனாலும் ஏதாவது ஒரு பாஷையில இதைத்தான் சொல்றாங்க, நம்மளும் ஆமான்னு தலையாட்டிட்டு சர்வீஸ் சென்டருக்கு நடையா நடக்குறோம். ஆனா சட்டத்துல விஷயமே வேற. வாரண்டி கார்டு கம்பெனி தானா முன்வந்து குடுக்குற வாக்கு. நாம காசு குடுத்தது கம்பெனிக்கு இல்ல, கடைக்கு. அந்தக் கொடுக்கல் வாங்கல்ல வித்தவங்களுக்குன்னு ஒரு பொறுப்பை சட்டம் தனியா வச்சிருக்கு, பொருள் அதோட வேலைக்கு லாயக்கா இருக்கணும், சொன்ன மாதிரி இருக்கணும், சாதாரணமா ஒருத்தர் எதிர்பாக்குற தரத்துல இருக்கணும். கார்டு இது மேல கூடுதலா ஏதாவது குடுக்கலாம். நுகர்வோருக்கு விக்கிற பொருள்ல கார்டை வச்சு இந்தப் பொறுப்பைக் கழிச்சுக்க நிறைய நாடுகள்ல முடியாது.

தமிழ் படிக்கிறவங்க எங்கெங்கயோ இருக்கீங்க, அதனால ஒவ்வொரு இடமா சுருக்கமா சொல்றேன். பிரிட்டன்ல 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட். குறையுள்ள பொருள்னா முதல் 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து முழுப் பணத்தையும் கடைகிட்டயே கேக்கலாம், அதுக்கப்புறம்னா ரிப்பேர் இல்லன்னா மாத்திக் குடுக்க அவங்களுக்கு ஒரு வாய்ப்பு, அதுலயும் சரியாகலன்னா பொருளைத் திருப்பலாம் இல்ல விலையில குறைக்கச் சொல்லலாம். 6 மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது விக்கிறப்பவே இருந்ததுன்னுதான் எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பாடு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், தரம்னா என்னன்னு சொல்ற இடத்துல எவ்வளவு நாள் உழைக்கும்ங்கிறதையும் சட்டமே சேத்து எழுதியிருக்கு. இங்கிலாந்துல 6 வருஷம் வரைக்கும் கோர்ட்டுக்குப் போகலாம், அதுக்காக 6 வருஷமும் எல்லாம் ஃப்ரீன்னு அர்த்தம் இல்ல, 6 மாசம் தாண்டிட்டா குறை ஆரம்பத்துலயே இருந்ததுன்னு நாமதான் நிரூபிக்கணும். ஐரோப்பிய யூனியன்ல குறைஞ்சபட்சம் 2 வருஷம், அதுவும் வித்தவங்க பொறுப்பு, அதுல முதல் ஒரு வருஷத்துக்கு நிரூபிக்கிற வேலை அவங்க தலையில. 2019ல போட்ட புது டைரக்டிவ் (உறுப்பு நாடுகள் எல்லாம் தங்க சட்டத்துல கொண்டு வர வேண்டிய யூனியன் உத்தரவு), 2022 ஜனவரியில இருந்து அமல்ல இருக்கு, அதுலயும் உழைப்புத் தன்மை உண்டு. சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்ல லெமன் லான்னு குறையுள்ள பொருளுக்கான சட்டம் கொண்டு வந்தாங்க, அங்கயும் அந்த 6 மாசக் கணக்கு இருக்கு.

இத்தாலியில நடந்த ஒண்ணு சொன்னா இந்த எக்ஸ்டெண்டட் வியாபாரம் நல்லா புரியும். சட்டப்படி 2 வருஷம் ஏற்கனவே ஜனங்களுக்கு இருக்கு, அதை ஒழுங்கா சொல்லாம ஆப்பிள் தன்னோட காசு குடுத்து வாங்குற ஆப்பிள் கேர் திட்டத்தை வித்துச்சுன்னு அங்க இருக்கிற போட்டி ஆணையம் 2011 டிசம்பர்ல 9 லட்சம் யூரோ அபராதம் போட்டுச்சு. அதாவது நம்ம கையில ஏற்கனவே இருக்கிறதை நமக்கே விக்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனியே அதைப் பண்ணியிருக்குன்னா பில் கவுண்டர்ல நிக்கிற பையனுக்கு கமிஷன் வச்சிருக்கிற கடை பண்ணாதா.

இந்தியாவுல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20ல இருந்து அமல். ஐரோப்பா மாதிரி ரெண்டு வருஷம்னு நேரா ஒரு காலம் இதுல எழுதல, ஆனா வேற கொக்கிகள் இருக்கு. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கிட்டு பணம் குடுக்க மறுக்கிறதே முறையற்ற வணிக நடைமுறைன்னு போட்டிருக்கு, பில்லுல காலம் எதுவும் சொல்லலன்னா 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு பில்லுல சீல் அடிக்கிறாங்களே, அதைப் பாத்து இனிமே பயப்படாதீங்க, கலர் பிடிக்கலன்னு போனா அந்த சீல் பேசும், பொருளே குறையா இருந்தா பேசாது. பில் குடுக்காம இருக்கிறதும் அதே பட்டியல்லதான் வருது. ஆன்லைன் மார்க்கெட்ல விக்கிறவங்களுக்கு 2020 இ-காமர்ஸ் விதிகள், குறையுள்ள இல்ல போலிப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்லக் கூடாது. புகாரை நாம குடியிருக்கிற இல்ல வேலை பாக்குற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே குடுக்கலாம், கார்டுல எங்கயோ இருக்கிற ஊரு கோர்ட் பேரைப் போட்டு பயமுறுத்துறதுக்கு இதுதான் பதில். பொருளுக்காக குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. கோளாறு வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி ஒரு புகார் பதிஞ்சு பாக்கலாம், பல கம்பெனி அந்த இடத்துலயே இறங்கி வந்துடுது.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடணும், சட்டம் இருக்குன்னு எல்லாத்துக்கும் கடைக்காரர் சட்டையைப் பிடிக்க முடியாது. மூணு வருஷம் தினமும் ஓடின மெஷின்ல கதவு ரப்பர் கிழிஞ்சா அது தேய்மானம்தான். பாக்கெட்ல ஆணியோட பேண்ட்டைப் போட்டு பம்ப் போச்சுன்னா அது நம்ம வேலை. வாங்குறப்பவே இதுல குறை இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்கன்னா அதையே பின்னாடி பிரச்சனைன்னு கொண்டு போக முடியாது, இந்தியாவோட 1930 சரக்கு விற்பனைச் சட்டத்துலயே பாருங்க, வாங்குறவர் பொருளைப் பரிசோதிச்சுப் பாத்து வாங்கியிருந்தா அந்தப் பரிசோதனையிலயே தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு அந்தத் தரப் பாதுகாப்பு கிடையாதுன்னு இருக்கு. கேள்வி எங்க வருதுன்னா ஸ்பைடர் மாதிரி கேஸ்லதான். அதை கடையில யாராலயும் பாத்திருக்க முடியாது, மெஷினைப் பிரிச்சாத்தான் தெரியும். மெஷின் பண்ற ஒரே வேலை சோப்புத் தண்ணியில சுத்துறது. அந்த வேலையைச் செஞ்சதாலயே மூணு வருஷத்துல அது கரைஞ்சு போகுதுன்னா அதைத் தேய்மானம்னு சொல்றதா, செஞ்சவன் தப்பான உலோகத்தைப் போட்டிருக்கான்னு சொல்றதா? நான் ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன், கம்பெனி முதலாவதுன்னு சொல்லும், நடுவுல இருக்கிறவங்க முடிவு பண்ணட்டும். தேவைப்பட்டா லேபுக்கு அனுப்பி சோதிக்கவும் இந்திய ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு, அதுக்கான கட்டணத்தை புகார் குடுத்தவர் முதல்ல கட்டணும்.

இந்த வாதத்தைத்தான் கடிதமா எழுதினேன், கடை, மெஷின் கம்பெனி, எக்ஸ்டெண்டட் கம்பெனின்னு மூணு பேருக்கும் சேத்து, ஒருத்தருக்கு அனுப்பினது மத்த ரெண்டு பேருக்கும் தெரியுற மாதிரி. இது முக்கியம், தனித்தனியா பேசினா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காமிச்சே வருஷம் ஓட்டிடுவாங்க. கடைக்கு நான் எடுத்துச் சொன்னது ஒரே விஷயம், எக்ஸ்டெண்டட் வாரண்டிங்கிறது உங்க பில்லுல, உங்க கடை பேருல, தனி வரியா இருக்கு, பணம் வாங்கினது நீங்க, விதிமுறையை வாங்குறதுக்கு முன்னாடி காமிக்காம நாலு வருஷம் கவலை இல்லன்னு சொன்னதும் உங்க ஆளு, அப்ப மூணாவது கம்பெனியைப் போய்ப் பாருன்னு சொல்ல உங்களுக்கு என்ன இருக்கு. மெஷின் கம்பெனிக்கு அந்த ஜாப் ஷீட்டை வச்சேன், உங்க டெக்னீஷியனே அரிப்புன்னு எழுதியிருக்காரு, என் தண்ணி சரியில்லன்னோ நான் தப்பா ஓட்டினேன்னோ ஒரு எழுத்து கூட இல்ல. எல்லாரும் பதில் சொல்ல ஒரு தேதி குறிச்சு, அதுக்குள்ள வரலன்னா புகார் போடுவேன்னு முடிச்சேன். கோவத்தைக் கொட்டல, மிரட்டல, கடிதம் ஒரு பக்கம் கூட வரல.

முதல்ல அசைஞ்சது கடைதான். அந்த மேனேஜரே போன் பண்ணாரு, குரலே மாறிப்போச்சு, "மேடம் நான் கம்பெனியில பேசிட்டேன், ஸ்பெஷல் கேஸா பண்றோம்"னு. இந்த ஸ்பெஷல் கேஸ், குட்வில் இதெல்லாம் எதுக்குன்னா எங்க மேல தப்புன்னு எழுத்துல வராம இருக்கிறதுக்கு, எனக்கு அதுல வருத்தம் இல்ல, மெஷின் ஓடினா போதும். டிரம் அசெம்ப்ளி பூரா புதுசு, பேரிங்கும் சீலும் புதுசு, பார்ட்டுக்கு காசு வாங்கல, லேபர் மட்டும் கட்டச் சொன்னாங்க, அதையும் கடையில பாதி ஏத்துக்கிட்டாங்க. மாத்தின பார்ட்டுக்கு எவ்வளவு நாள் வாரண்டின்னு பில்லுல எழுதி வாங்கிக்கிட்டேன், கேக்கலன்னா எழுத மாட்டாங்க. புதுசா வந்த ஸ்பைடரும் அலுமினியம்தான், சும்மா சொல்லி வைக்கிறேன். கடைக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன், ஆரம்பத்துல கை கழுவினதுக்கு ரெண்டு கட்.

இதுவரைக்கும் சொன்னது பொருள் கெட்டுப்போனா. பொருளால நமக்கு அடிபட்டா, தீப்பிடிச்சா அது வேற கணக்கு, அங்க வாரண்டி கார்டுக்கு வேலையே கம்மி. இதுக்கு மூலம் ஒரு ஜிஞ்சர் பீர் பாட்டில். 1928ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற இடத்துல ஒரு கஃபேல ஒரு பொண்ணு குடிச்ச பாட்டில்ல அழுகின நத்தை இருந்ததா கேஸ். வாங்கிக் குடுத்தது அவங்க தோழி, அதனால கஃபேகாரர் கூட இவங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்ல. அப்ப யாரைக் கேக்குறது? 1932ல அப்ப பிரிட்டனோட உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் தயாரிச்சவரையே கேக்கலாம்னு சொல்லிடுச்சு, கடைசியில யார் உபயோகிக்கிறாங்களோ அவங்க மேல தயாரிச்சவருக்கு அக்கறை இருந்தே ஆகணும்னு. டொனாஹூ கேஸ்னு சட்டம் படிச்ச எல்லாரும் சொல்வாங்க. ஐரோப்பாவுல 1985லயே ஒரு படி மேல போய் தயாரிச்சவர் கவனக்குறைவா இருந்தாருன்னு நாம நிரூபிக்கவே வேணாம், குறை இருந்துச்சு அதனால பாதிப்பு வந்துச்சுன்னு காமிச்சா போதும்னு ஆக்கிட்டாங்க. 2024ல வந்த புது டைரக்டிவ்ல சாஃப்ட்வேரையும் பொருள் கணக்குல சேத்துட்டாங்க, 2026 டிசம்பர் 9க்கு அப்புறம் சந்தைக்கு வர்ற பொருளுக்கு அது.

இந்தியச் சட்டத்துல தயாரிப்பாளர், சர்வீஸ் பண்றவர், விக்கிறவர்னு மூணு பேருக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கு, 84, 85, 86. கடைக்காரர் மாட்டுற இடங்கள் இதுல சுவாரஸ்யம். தயாரிச்சது யாருன்னே தெரியலன்னா கடைக்காரர் பொறுப்பு, தெரிஞ்சும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாத இடத்துல இருந்தாலும் அப்படித்தான். கடை தனியா ஒரு வாரண்டி குடுத்திருந்தா, பொருளை மாத்தியிருந்தா, எச்சரிக்கையை நமக்குச் சொல்லாம விட்டிருந்தா அப்பவும். பேர் தெரியாத சார்ஜரை வித்துட்டு கம்பெனியைப் பாருங்கன்னு சொல்ற கடையை இனிமே எப்படிப் பாக்கணும்னு தெரியுதா. ஆனா இந்தப் பிரிவுல பொருளே உடைஞ்ச நஷ்டம் வராது, அதுக்கு முன்னாடி சொன்ன வழிதான், இதைக் குழப்பிக்காதீங்க.

ரீகாலும், அதாவது ஆபத்தான மாடலை கம்பெனியே திரும்ப அழைக்கிறதும், வாரண்டி தேதிக்குள்ள அடங்குறது இல்ல. 2016 நவம்பர்ல அமெரிக்காவுல சாம்சங் டாப் லோடு மெஷின் ஏறக்குறைய 28 லட்சத்தைத் திரும்ப அழைச்சாங்க, ஸ்பின்ல மேல்மூடி கழண்டு வந்து ஆளுங்களுக்கு அடிபட்டுச்சு. பிரிட்டன்ல வேர்ல்பூல் 2020 ஜனவரியில இருந்து 5 லட்சத்துக்கும் மேல வாஷிங் மெஷின் ரீகால், கதவு லாக் சூடாகி தீப்பிடிக்கிற அபாயம். உங்க மாடல் நம்பரைப் போட்டு ரீகால்னு தேடிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

அப்புறம் நிறையப் பேர் கேக்குறது, வெளிய ரிப்பேர் பண்ணா வாரண்டி போயிடுமான்னு. அமெரிக்காவுல 1975 மேக்னஸன் மாஸ் சட்டப்படி எங்க பார்ட்டைத்தான் போடணும், எங்ககிட்டதான் வரணும்னு பொதுவா நிபந்தனை போட முடியாது, ஃப்ரீயா குடுத்தா வேற. 2018ல அங்க வியாபார முறைகேடுகளைப் பாக்குற அரசு ஆணையமான எஃப்டிசி இந்த "ஸ்டிக்கரைக் கிழிச்சா வாரண்டி இல்ல" விஷயத்துக்காக ஆறு கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியிருக்கு. ஆஸ்திரேலியாவுல வெளிய ஸ்கிரீன் மாத்தின போனுக்கெல்லாம் எங்ககிட்ட உரிமை இல்லன்னு ஜனங்ககிட்ட சொன்னதுக்கு ஆப்பிளுக்கு 2018ல 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். நம்ம கார்டுல அப்படி ஒரு வரி இருந்தா அது எல்லா இடத்துலயும் செல்லும்னு நினைச்சுக்க வேணாம், ஆனா வாரண்டி காலத்துல வெளியாள் கை வச்சு அதாலயே வேற ஏதாவது போச்சுன்னா அதுக்கு யாரும் பொறுப்பு எடுக்க மாட்டாங்க, அது நியாயமும்தான்.

கடைசியா எக்ஸ்டெண்டட் வாங்கலாமா வேணாமா? மெஷின் கம்பெனியே நேரா தன் பேருல குடுக்குறதுன்னா, அதுல போர்டும் லேபரும் சேர்ந்தே வருதுன்னா, யோசிக்கலாம், டிவி மாதிரி ஒரு பேனல் போனா மொத்தமும் போற பொருளுக்கு அர்த்தம் இருக்கு. மூணாவது கம்பெனி திட்டம்னா சேராதுங்கிற பட்டியலை பில் போடுறதுக்கு முன்னாடி போன்ல அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க. மிக்ஸி, அயர்ன் பாக்ஸுக்கெல்லாம் வேணவே வேணாம். அடுத்த தடவை நான் எடுக்க மாட்டேன், அந்தக் காசை எடுத்து வச்சா ரிப்பேருக்கு ஆகும். பில்லை மட்டும் வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சிடுங்க, என்னோடது தெர்மல் பேப்பர், ஒரிஜினல் இப்ப முழு வெள்ளை, அன்னிக்கு எடுத்த போட்டோவை வச்சுத்தான் கடையில இவ்வளவும் பேசினேன்.